மூஸா வீட்டுத் துப்பாக்கி

அத்தியாயம் 6

நாலு மணிக்கு அஸார் டீ குடிக்க வருவான். வரச் சொன்னது மூஸாதான்.

மாடி அறை பீரோவில் இரட்டைக் குழல் துப்பாக்கி இருந்தது. காலையில் மனைவி நஜ்மா குளிக்கப் போன நேரத்தில் இரண்டு குழலிலும் தோட்டா போட்டுவிட்டான். பீரோ சாவி இடுப்பில், பச்சை பெல்ட்டில். கேசட் சட்டைப் பையில்.

இப்போது மணி மூன்று. தஞ்சாவூர்க்காரி வந்து, கேசட்டில் பேசுகிறவன் பெயரைச் சொல்லிவிட்டால் நல்லது. சொல்லாவிட்டாலும் ஒரு பெயர் அவனிடம் இருந்தது.

பெல் அடித்தது. ஹாலில் விளக்கைப் போட நினைத்து மூஸா மின்விசிறியைப் போட்டான். அடுத்த ஸ்விட்சைத் தட்டினான். வாசல் விளக்கு எரிந்தது. அவன் சவூதியில், தம்மாமிலிருந்து பணம் அனுப்பிக் கட்டிய வீடு. ஐந்து வருஷமாகியும் எந்த ஸ்விட்ச் எந்த விளக்குக்கு என்று கைக்குப் பழகவில்லை. அஸார் வந்தால் பேசிக்கொண்டே கையை நீட்டுவான். சரியான விளக்கு எரியும்.

வாசலில் இருவர். காளியம்மாள் ஐம்பதைத் தொடும் வயது, பருத்திப் புடவை, தோளில் துணிப்பை. இதே கீழ்வேளூருக்கு இரண்டு கல் தள்ளி வயலில் நடவு நட்ட குடும்பத்தில் பிறந்தவள். இருபத்திரண்டு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து ஊருக்கும் ஊருக்கும் பேச்சை இணைத்தவள். தெருவுக்குத் தெரு எஸ்.டி.டி. பூத் வந்ததும் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுத் தஞ்சாவூரில் துப்பறியும் நிலையம் போட்டாள். பக்கத்தில் ரெத்தினம். முன்பு கல்யாண வீடுகளுக்கு ரேடியோ செட் கட்டியவன். செட்டை விற்றுவிட்டான். மைக் பிடித்த வாய் மட்டும் அப்படியே இருந்தது.

"ரயில்ல வந்தோம் பாய்" என்றான் ரெத்தினம். "திருவாரூர் தாண்டினதும் ஒரு எருமை எங்கள முந்திக்கிட்டுப் போச்சு. ஸ்டேஷன்ல எறங்கினா அது முன்னாடியே நிக்குது."

"உள்ள வாங்க. என் வீட்டுல நீங்க பீரோ கம்பெனிக்காரங்க. துப்பாக்கி வைக்க பீரோ பாக்க வந்திருக்கீங்க. ஞாபகம் இருக்கட்டும்."

"இருக்கும். பீரோவுக்கு ஒரு கதவா ரெண்டு கதவா?"

"ரெத்தினம்" என்றாள் காளியம்மாள். அவன் வாயை மூடினான்.

"நஜ்மா!" என்று மூஸா கூப்பிட்டான். "டீ கொண்டா. பீரோக்காரங்க வந்திருக்காங்க."

நஜ்மா வந்தாள். முக்காட்டை இழுத்து விட்டபடி மூன்று டம்ளர்களை வைத்தாள். அவள் கையையும் கண்ணையும் மூஸா பார்த்தான். லீவில் வந்த இந்த இருபது நாளும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். யார் பேர் சொன்னால் முகம் மாறுகிறது என்று.

"பெரிய பீரோவா இருந்தா நல்லதுங்க" என்றாள் நஜ்மா. "துப்பாக்கிய உள்ள வச்சுப் பூட்டி, சாவிய நீங்களே கொண்டு போயிடுங்க."

"உனக்காகத்தான் வாங்கினேன்" என்றான் மூஸா. "நான் அங்க இருக்கேன். வீட்டுல நீ, ஆசியா, ரெண்டே பேரு. சேக் தாவூது வீட்டுல ஓட்டப் பிரிச்சு எறங்கினாங்களா இல்லையா?"

"எறங்கினாங்க. டிவியத் தூக்கிட்டுப் போனாங்க. துப்பாக்கி இருந்திருந்தா சேக் தாவூது மாமாவத் தூக்கிட்டுப் போயிருப்பாங்க, மையத்தாங் கொல்லைக்கு, அடக்கம் பண்ண."

"வீட்டுல ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சாலே எவனும் கிட்ட வரமாட்டான்."

"எப்படித் தெரியும்? வாசல்ல எழுதிப் போடுவீங்களா?"

ரெத்தினத்துக்கு அடக்க முடியவில்லை. "அதுல ஒரு சிக்கல் இருக்கு பாய். துப்பாக்கியப் பூட்டி வச்சா, திருடன் வந்ததும் 'தம்பி, செத்த இரு, சாவி தேடுறேன்'னு சொல்லணும். பூட்டாம வச்சா வீட்டுப் புள்ளதான் மொதல்ல எடுக்கும். எந்த பீரோ கம்பெனியும் இதுக்கு வழி கண்டுபிடிக்கல."

"உங்க கம்பெனி நல்ல கம்பெனிங்க" என்றாள் நஜ்மா. "எங்க ஆசியாவுக்கு ஒம்பது வயசு. நாலரைக்கு ஸ்கூல் விடும். வந்ததும் மொதல் வேலை எல்லா பீரோவையும் திறந்து பாக்கறதுதான்."

அவள் சிரித்தாள். வேற்று ஆளிடம் இவ்வளவு சுலபமாகச் சிரிக்கிறாள். மூஸா டீயைக் குடிக்காமல் எழுந்தான்.

"மாடிக்கு வாங்க. எடத்தைப் பாருங்க."

மாடி அறைக் கதவை உள்ளே தாழிட்டான். காளியம்மாள் நாற்காலியில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"நேத்து ஆபீசுல கேசட்டைக் கண்ணுல காட்டல நீங்க. வாயால சொன்னீங்க. இன்னொரு தடவ சொல்லுங்க."

சொல்ல மூஸாவுக்கு நாக்குக் கூசியது. நஜ்மா மாதம் ஒரு கேசட்டில் பேசி, ஊரிலிருந்து வருகிறவர்கள் கையில் கொடுத்தனுப்புவாள். கடிதத்துக்குப் பதில் அது. வைகாசியில் வந்த கேசட்டில் எல்லாம் சரியாக இருந்தது. ஆசியாவுக்கு அம்மை போட்டது, கொல்லையில் போர் இறக்கியது, மேட்டூரில் தண்ணீர் திறக்கப்போவது. கடைசியில் வஸ்ஸலாம் என்று முடித்தாள். டொக்கென்று ஒரு சத்தம். கொஞ்சம் மௌனம். அப்புறம் ஒரு ஆணின் குரல்.

"டேப்ப நிறுத்திட்டதா நெனச்சிருக்கா. அது ஓடிக்கிட்டு இருந்திருக்கு. ரூம்ல ஒருத்தன் இருக்கான். அவ பேரச் சொல்லிக் கூப்பிடறான். வெளக்க அணைச்சிட்டுக் கிட்ட வான்னு சொல்றான். யாருக்கும் கேக்கக் கூடாதாம்."

"எத்தன தடவ கேட்டீங்க?"

"எண்ணல."

எண்ணியிருந்தான். அறுபத்து மூன்று.

"அது அஸார் குரலா?"

"அவனைத் தவிர யாரு? அவ மாமா மகன். மொதல்ல அவள அவனுக்குத்தான் பொண்ணு கேட்டாங்க. இன்னிக்கும் காஸ் சிலிண்டர் அவன்தான் எடுத்துட்டு வர்றான். டிவி ஆண்டெனா திருப்பறது அவன். என் மவள ஸ்கூல்லேருந்து கூட்டிட்டு வர்றது அவன். லீவுல நான் வந்து எறங்கினா, என் வீட்டுல எது எங்க இருக்குன்னு எனக்கு அவன் சொல்றான்."

"குரல் அவன் குரலான்னு கேட்டேன்."

மூஸா சட்டைப் பையிலிருந்த கேசட்டைத் தடவினான். அஸாரின் குரல் மெல்லியது. கேசட்டில் இருப்பது கொஞ்சம் கனம். ஆனால் ரகசியம் பேசும்போது எந்தக் குரலும் மாறும். அப்படித்தான் அவன் தனக்குச் சொல்லியிருந்தான்.

"கேசட்டக் குடுங்க."

ரெத்தினம் வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். மேல் விளிம்பை நகத்தால் தடவினான்.

"அக்கா, இங்க ரெண்டு ஓட்ட இருக்கு. பேப்பர் ஒட்டி அடைச்சிருக்கு. பசை கூட இல்ல, சோத்துப் பருக்கை."

"அதுக்கு என்ன?" என்றான் மூஸா.

"புதுக் கேசட்டுல இந்த எடத்துல சின்னப் பல்லு ரெண்டு இருக்கும் பாய். அத ஒடச்சிட்டா அந்தக் கேசட்டுல மறுபடி பதிய முடியாது. உள்ள இருக்கறது அழியக் கூடாதுன்னு நெனக்கிறவங்க ஒடைப்பாங்க. நாகூர் ஹனிபா கச்சேரிய நானே இப்படிப் பாதுகாத்தேன், என் மச்சினன் கிட்டேருந்து. அப்புறம் மனசு மாறி மறுபடி பதியணும்னா ஓட்டைய அடைக்கணும். ஆக, இது புதுக் கேசட் இல்ல. ஒரு காலத்துல யாரோ பொத்திப் பொத்தி வச்சது."

"எதையோ மறைக்கத்தான் ஒட்டியிருக்கா."

"இருக்கலாம்" என்றாள் காளியம்மாள். "போடு."

ரெத்தினம் தன் பையிலிருந்த சிறிய டேப்பில் கேசட்டைப் போட்டுக் கடைசிக்கு ஓட்டினான். நஜ்மாவின் குரல். வஸ்ஸலாம். டொக். மௌனம். ஓர் இரைச்சல். பிறகு அடிக்குரலில்:

"நஜ்மா... வெளக்க ஊதிட்டுக் கிட்ட வா. யாருக்கும் கேக்க வேணாம்..."

நாடா முடிந்தது.

மூஸா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அறுபத்து நான்கு. இந்தத் தடவை மற்றவர்களும் கேட்டார்கள். பெற்ற மகளைத் தெருவில் நிறுத்தியது போல் இருந்தது.

"அந்த டொக்கு சத்தம் நிறுத்தினப்ப விழுந்தது பாய்" என்றான் ரெத்தினம். இப்போது அவன் குரலில் கேலி இல்லை. "நிறுத்தின பிறகு எதுவும் பதியாது. அதுக்கு அப்புறம் வர்றது, முன்னாடியே அந்த நாடாவுல இருந்தது."

"மறுபடி அமுக்கியிருப்பாங்க."

"அமுக்கினா இன்னொரு டொக்கு விழும்."

"உங்க டேப்புல விழும். என் டேப்பு ஜப்பான்."

காளியம்மாள் கையைக் காட்டி இருவரையும் நிறுத்தினாள். "நீங்க என்கிட்ட அணைச்சிட்டு வான்னு சொன்னீங்க. அவன் ஊதிட்டு வான்னு சொல்றான்."

"ரெண்டும் ஒண்ணுதான்."

"ஒண்ணு இல்லீங்க. இந்த வீட்டுல எந்த வெளக்க ஊதலாம்? மேல பாருங்க. டியூப் லைட்டு. அத நாளெல்லாம் ஊதினாலும் எரியும்."

"கரண்ட்டு போயிருக்கும். மெழுகுவத்தி வச்சிருப்பாங்க."

எல்லாவற்றுக்கும் அவனிடம் பதில் இருந்தது. வைகாசியிலிருந்து வேறு என்ன வேலை அவனுக்கு.

"பின்னாடி ஒரு இரைச்சல் கேக்குதே, அது?"

"ரைஸ் மில்லு. அடுத்த தெருவுல."

"மில்லுன்னா பெல்ட்டு விட்டு விட்டு அடிக்கும். இது ஒரே சீரா ஓடுது. நாலஞ்சு வருஷம் நான் வெளிநாட்டு கால் போட்டேன் பாய். துபாய், குவைத்து, தம்மாம். அங்கேருந்து யார் பேசினாலும் முதுகுக்குப் பின்னால இந்தச் சத்தம்தான். ஏ.சி. மெஷினு. கீழ்வேளூர்ல யார் வீட்டுல ஏ.சி. இருக்கு?"

யார் வீட்டிலும் இல்லை.

மூஸா கடிகாரத்தைப் பார்த்தான். மூன்று நாற்பது. அவனுக்குக் கோபம் வந்தது. குரலைப் பிடிக்கச் சொன்னால் விளக்கையும் மில்லையும் பற்றிப் பேசுகிறாள்.

"ஆளு பேரு தெரியுமா, தெரியாதா?"

"குரல் மாட்டிக்கிச்சு" என்றாள் காளியம்மாள். "இன்னிக்கிதான் பிடிச்சோம். ரெத்தினம், அந்த இன்னொரு கேசட்டப் போடு. ஒரே ஒரு வார்த்த."

ரெத்தினம் கேசட்டை மாற்றினான். விரலை வைத்துக் காத்திருந்தான். அமுக்கினான்.

"நஜ்மா!"

நிறுத்தினான்.

மூஸா டேப் பக்கம் திரும்பினான். அதே ஆள். அந்த 'மா'வில் ஒரு இழுப்பு, ஏதோ அவன் வீட்டுப் பொருளைக் கேட்பது போல. அறுபத்து மூன்று தடவை தூக்கத்தைக் கெடுத்த இழுப்பு. சந்தேகமே இல்லை.

"இவன்தான்! எங்க பிடிச்சீங்க இவன? அந்த இழுப்பு! யாரு இவன்?"

"நல்லாக் கேட்டுச் சொல்லுங்க. இவன்தானா?"

"அல்லா மேல ஆணையா இவன்தான்."

கை தானாகப் பச்சை பெல்ட்டுக்குப் போனது. காளியம்மாள் அந்தக் கையைப் பார்த்தாள்.

"இன்னிக்கி மூணு பத்துக்கு, கீழ ஹால்ல பதிஞ்சது. வீட்டுல கேக்கற எல்லாக் குரலும் ஒத்துப் பாக்க வேணும்னு, வாசல்ல நுழையும்போதே ரெத்தினம் பைக்குள்ள டேப்ப ஓட விட்டுட்டான். மிச்சத்தையும் போடு."

ரெத்தினம் அமுக்கினான். "...டீ கொண்டா. பீரோக்காரங்க வந்திருக்காங்க."

டேப்பில் ஹால் மின்விசிறியின் சத்தமும் இருந்தது.

"நான் இப்படியா பேசுவேன்?" என்றான் மூஸா.

"யாருக்கும் தன் குரல் தெரியாதுங்க. எக்ஸ்சேஞ்சுல என் குரலப் போட்டுக் காட்டினப்ப, யாரு இந்தப் பொம்பளை, இவ்வளவு கடுகடுன்னு பேசறாளேன்னு கேட்டேன். நீங்களும் மாசா மாசம் பேசி அனுப்பினீங்க. ஒண்ணையாவது போட்டுக் கேட்டீங்களா?"

கேட்டதில்லை. பேசுவான், உறையில் போடுவான், ஊருக்குப் போகிறவன் கையில் கொடுப்பான். முதல் வருஷம், எண்பத்து நாலில், ஓர் அறையில் பதினாலு பேர். மற்றவர்களுக்குக் கேட்காமல் இருக்கப் போர்வைக்குள் தலையை விட்டுக்கொண்டு டேப்பை வாயோடு வைத்துப் பேசியிருக்கிறான். அங்கே ஏ.சி. இரைந்தது. இங்கே கரண்ட் இழுக்காத ஓட்டு வீடு. ஒரே அறையில் உம்மாவும் தங்கையும் படுத்திருப்பார்கள். விளக்கு எரிந்தால் அவர்கள் விழிப்பார்கள். அதனால் விளக்கை ஊதிவிட்டு டேப்புக்குப் பக்கத்தில் வந்து கேள் என்று சொல்லியிருக்கிறான். சொன்னது நினைவில்லை. ஆனால் சொல்லியிருப்பான். அந்த மூஸா சொல்லக்கூடியவன்தான்.

காளியம்மாள் எழுந்து தாழை எடுத்தாள். கதவுக்கு வெளியே நஜ்மா நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று யாரும் கேட்கவில்லை.

"அது நீங்க அனுப்பின மொத கேசட்டு மச்சான்" என்றாள். "பல்ல நான்தான் ஒடச்சேன். போட்டுப் போட்டு முன்னாடி எல்லாம் தேஞ்சு போச்சு. கரகரன்னு ஒண்ணும் வெளங்காது. கடைசில அந்தக் கொஞ்சம்தான் நல்லா இருந்துச்சு. அத மட்டும் விட்டுட்டு மேல பேசி அனுப்பினேன். கேட்டுட்டு சிரிப்பீங்கன்னு நெனச்சேன்."

அவள் கண் கட்டில் மேல் கிடந்த கேசட்டுக்குப் போனது.

"லீவுல வந்தா அதப் பத்திப் பேசுவீங்கன்னு காத்துக்கிட்டு இருந்தேன். வந்து எறங்கின அன்னிக்கே துப்பாக்கியப் பத்திப் பேசினீங்க. போன லீவுல எழுதிப் போட்ட லைசென்ஸ், தூங்கிக்கிட்டுதானே இருந்துச்சு. சரி, எனக்காகத்தான் பயப்படறீங்கன்னு நெனச்சேன்."

கீழே பெல் அடித்தது. யாரோ தானாகக் கதவைத் தள்ளிக்கொண்டு ஹாலுக்கு வந்தார்கள். ஒரு ஸ்விட்ச் தட்டும் சத்தம். மாடிப்படி விளக்கு எரிந்தது.

"மச்சான்! டீ ரெடியா?" அஸாரின் குரல். மெல்லிய குரல்.

நஜ்மா படியைப் பார்த்தாள். பீரோவைப் பார்த்தாள். பிறகு புருஷனின் பெல்ட்டைப் பார்த்தாள்.

"அஸார எதுக்கு வரச் சொன்னீங்க?"

அவன் பெல்ட்டிலிருந்து கையை எடுத்தான்.

"அதுல தோட்டா இருக்கா?"

"இருக்கு."

"எத்தன?"

"ரெண்டு."

"ரெண்டு" என்று அவளும் சொன்னாள். "ஒண்ணு அவனுக்கு" என்றாள். மற்றது யாருக்கு என்று அவள் கேட்கவில்லை. மூஸாவும் அதுவரை தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

"சாவியக் குடுங்க பாய்" என்றாள் காளியம்மாள்.

மூஸா சாவியைக் கழற்றிக் கொடுத்தான். ரெத்தினம் பீரோவைத் திறந்து துப்பாக்கியை மடக்கித் தோட்டாக்களை எடுத்தான். இரண்டாவது தோட்டா கை நழுவிக் கட்டிலுக்கு அடியில் உருண்டது. குனிந்து தேடினான். எடுத்து இரண்டையும் கட்டிலில் வைத்தான்.

"இது இருக்கற வீட்டுல ராத்திரி நான் தூங்க மாட்டேன்" என்றாள் நஜ்மா. "நீங்க தம்மாம்ல இருந்தாலும் சரி, பக்கத்துல படுத்திருந்தாலும் சரி." முக்காட்டைச் சரி செய்துகொண்டு கீழே இறங்கினாள். "வா அஸார், உக்காரு" என்று அவள் சொல்வது கேட்டது. குரல் எப்போதும் போல் இருந்தது. அதை எப்படி அப்படி வைத்துக்கொண்டாள் என்று மூஸாவுக்குத் தெரியவில்லை.

"போலீஸ் ஸ்டேஷன்ல ஒப்படைச்சிடலாம்" என்றாள் காளியம்மாள். "எலெக்ஷன் வந்தா லைசென்ஸ்காரங்க எல்லாரும் ஒப்படைக்கிற மாதிரிதான். எழுதிக் குடுத்து ரசீது வாங்கிக்கணும். பிற்பாடு விக்கலாம்."

"நீங்க எடுத்துட்டுப் போயிடுங்க."

"நாங்க தொட்டுத் தூக்கிட்டு நடந்தா எங்களப் பிடிச்சு உள்ள வைப்பாங்க. லைசென்ஸ் உங்க பேர்ல. நீங்கதான் எடுத்துட்டு வரணும்."

மூஸா துப்பாக்கியையும் தோட்டாக்களையும் போர்வையில் சுற்றினான். கட்டில் மேல் கேசட் கிடந்தது. அவன் அதைத் தொடவில்லை. பதினொரு வருஷத்துக்கு முந்தைய ஒருவனை அவள் தேயத் தேயக் கேட்டிருக்கிறாள். பல்லை உடைத்துக் காப்பாற்றியிருக்கிறாள். இன்றைக்கு அவன் பேசுகிற எதையும் அவள் அப்படி வைத்துக்கொள்ள மாட்டாள். பெயர் தெரிந்த பிறகும் அந்த ஆள் மேல் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை.

"அவன் நல்லாப் பேசியிருக்கான்ல?" என்றான் ரெத்தினத்திடம்.

"நல்லாத்தான் பேசியிருக்கான் பாய்."

மூவரும் இறங்கினார்கள். அஸார் சோபாவில் டீயோடு உட்கார்ந்திருந்தான். மூஸாவின் கையில் நீளமான மூட்டையைப் பார்த்ததும் டம்ளரை வைத்துவிட்டு எழுந்தான்.

"என்ன மச்சான் இது? கனமா இருக்கும் போலயே. நான் பிடிக்கிறேன், குடுங்க."

"வேணாம்" என்றான் மூஸா. "நீ உக்காரு."

நஜ்மா சமையலறை வாசலில் நின்றாள். அவள் மூட்டையைப் பார்க்கவில்லை, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். நாலு இருபது.

"மணியாச்சே" என்று அஸார் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டான். "ஆசியாவக் கூட்டிட்டு வரணும். நான் போயிட்டு வந்துடறேன்."

"இன்னிக்கி நான் போறேன்" என்றான் மூஸா. சட்டென்று வந்துவிட்டது. மகள் கேட்டுக்கு ஓடி வருவாள், தன்னைப் பார்த்து முதலில் ஆச்சரியப்படுவாள், அப்புறம் கையைப் பிடித்துக்கொள்வாள். அவ்வளவும் ஒரு நொடியில் தெரிந்தது.

மூஸா குனிந்து தன் கைகளைப் பார்த்தான். இரண்டு கையும் நிறைந்திருந்தது. இதைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் நிற்க முடியாது. இதை இந்த வீட்டில் இறக்கி வைக்கவும் முடியாது.

"அஸார்" என்றான். "நீயே போய்க் கூட்டிட்டு வா."